கடைக்காரர் குரலுக்கு ஒரு சனிக்கிழமை

என் செல்லத்துக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, நம் மேனேஜர் மூன்று பேரும் சுகம். உன் சுகத்தைப் போனில் கேட்டால் "ம், இருக்கேம்மா" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் எழுத்தில் கேட்கிறேன், ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி முடிந்து வந்தால் தூங்குகிறாயா, நான் வாங்கிக் கொடுத்த சத்து மாத்திரை தீர்ந்துவிட்டதா இல்லை பிரிக்காமலே கிடக்கிறதா. அப்பாவுக்கு முதுகுவலி தேவலாம். வாசல் பல்பை ஒருவழியாக மாற்றிவிட்டார், மேனேஜர் தினமும் "அங்கிள், பல்பு என்னாச்சு?" என்று கேட்டு உயிரை எடுத்ததால். மேனேஜர் என்ற பட்டப்பெயரை அப்பா சும்மா வைக்கவில்லை. காப்பகத்திலிருந்து நம்மிடம் வளர வந்த ஏழு வயதுப் பிள்ளை, கேட் பூட்டியாச்சா, கேஸ் மூடியாச்சா என்று நம்மை மேய்க்கிறது.

அவளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நான் அழுதுவிடுவேன், நீ பாதியில் வார்டுக்கு ஓடிவிடுவாய். சனிக்கிழமை சாயங்காலம் நீயும் அவளும் ஆளுக்கொரு பிரதியை வைத்துக்கொண்டு போனில் படிப்பீர்களே, யானை நாலு காலுக்கும் செருப்பு வாங்கப் போகிற கதை, நீ கடைக்காரராகச் சிடுசிடுப்பாய், இவள் பக்கத்தைத் திருப்பிவிட்டு "ஆச்சு, அடுத்து!" என்று உத்தரவு போடுவாள். நீ போனில் வராத முதல் சனிக்கிழமை, தலையெல்லாம் வாரிக்கொண்டு புத்தகத்தை மடியில் விரித்துப் போன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இருட்டின பிறகு தானே எழுந்து, "பரவால்ல ஆன்ட்டி, அக்காவுக்கு வேலை இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் காய்ந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். எனக்கு ஒரே பெருமை. சமர்த்து, சமர்த்து என்று கொஞ்சினேன். அடுத்த வாரமும் அதே பரவால்ல, அதே துணி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் வயதில் நீ, ஐஸ்கிரீம் கடை மூடியிருந்ததற்கே நடுத்தெருவில் உருண்டவள். காலேஜில் குழந்தை உளவியலை ஒரு பேப்பராகவே படித்துப் பாஸ் பண்ணினேன், என்ன பிரயோஜனம், தப்பான இடத்தில் கொஞ்சியிருக்கிறேன்.

மூன்றாவது வாரம் நானே படித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். தொண்டையைக் கனைத்துக் கடைக்காரர் குரலில் தொடங்கினேனோ இல்லையோ, "நீங்க கடைக்காரர் இல்ல! அக்காதான் கடைக்காரர்! வரேன்னு சொன்னா வரணும்ல? வரலன்னா வரலன்னு சொல்லணும்ல?" என்று கத்திக்கொண்டு புத்தகத்தை விட்டெறிந்தாள். அது நேரே போய் அப்பாவின் மூக்குக்கண்ணாடியில் அடித்து ஒரு பக்கக் காம்பு முறிந்தது. தரையில் உட்கார்ந்து அவள் அழுத அழுகைக்கு மாடிவீட்டு டீச்சர் இறங்கி வந்து, "பிள்ளைய அடிச்சீங்களா?" என்று எங்களை முறைத்தார். அப்பா முறிந்த கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, "அடி வாங்கினது நான் டீச்சர்" என்றார். அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துவிட்ட கோபத்துக்கும் சேர்த்து அழுதாள்.

என் நிலைமையைக் கேட்காதே. உன்னோடு நின்றால் என்னை உன் அக்காவா என்கிறார்கள், பயப்படுவதில் மட்டும் நான் கிழவி. இந்த வீடு சரிப்படவில்லை என்று கூட்டிப் போய்விடுவார்களோ என்று குழந்தைகள் நல அதிகாரிக்குப் போன் பண்ணி, கதை படிப்பதையே நிறுத்திவிடட்டுமா மேடம் என்று கேட்டேன். அவர் சிரித்தாரடி. "இதுக்கு முன்னாடி இருந்த ரெண்டு வீட்லயும் இவ யார்கிட்டயும் கோவிச்சுக்கிட்டதே இல்லம்மா. தொந்தரவே இல்லாத பிள்ளைன்னு சொன்னாங்க. எனக்கு அதுதான் பயம். இப்பதான் ஒருத்தர் வரணும்னு நினைச்சு, வரலன்னு சண்டை போடுறா. நிறுத்திடாதீங்க" என்றார். போனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். எறிந்த புத்தகத்தை அப்பா ஒட்டிக்கொண்டிருந்தார், இவள் பக்கத்தில் நின்று, "கோணலா ஒட்டுறீங்க அங்கிள்" என்று மேற்பார்வை.

உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை கண்ணு, திடீரென்று டியூட்டி மாற்றினால் நீதான் என்ன செய்வாய். ஆனால் வர முடியாத வாரம் ஒரே ஒரு நிமிடம் கூப்பிட்டு அவளிடமே சொல்லிவிடு. இல்லை என்பதைத் தாங்கிக்கொள்கிறாள், சத்தமே இல்லாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. மாதம் ஒரு தடவைதான் முடியும் என்றால் ஒரு தடவையே போதும், ஆசையில் வாராவாரம் என்று வாக்குக் கொடுக்காதே. பொம்மை வாங்கி அனுப்பிச் சமாதானம் செய்கிற வேலையும் வேண்டாம். உனக்கு இனி முடியவே முடியாது என்றாலும் என்னைத் தூது விடாமல் நீயே சொல். ஆனால் முடியும் என்றுதான் என் மனசு சொல்கிறது. வருகிற சனிக்கிழமை உனக்கு ஓய்வு என்று அப்பா சொன்னார். கூப்பிடு. திட்டினால் வாங்கிக்கொள், காரணம் அடுக்காதே.

உன்னோடு பேசவே மாட்டாளாம். நேற்று பாத்திரம் துடைத்துக்கொண்டே, "அக்கா போன் பண்ணா நான் தூங்கிட்டேன்னு சொல்லிடுங்க" என்று கறாராகச் சொன்னாள். சரி என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "ஆன்ட்டி, எத்தனை மணிக்குத் தூங்கணும்?" என்று கேட்டாள். ஆறு மணி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உடம்பும் மனசும் திடமாக, எடுத்த படிப்பை நல்லபடியாக முடித்து நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். மாத்திரையைப் போடு. சனிக்கிழமை ஆறு மணி, மறந்துவிடாதே.

ஆயிரம் முத்தங்களோடும் ஆசியோடும்,
உன் அம்மா