உனக்கு எதிராகத் தூக்கிய கைகள்

மாமல்லபுரத்தில் பஸ் மாறி நெம்மேலியை நெருங்கும்போது ஜன்னல் வழியாக நெத்திலி காயும் வாசனை வந்தது. பக்கத்தில் இருந்த பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு உன் ஞாபகம் வந்தது. காலேஜில் உன் சாப்பாட்டுப் பையைத் திறந்தாலே இந்த வாசனைதான். "இன்னாடி மூஞ்ச சுளிக்கிற, மொதல்ல கை வைக்கப் போறது நீதான்" என்பாய். நீ செத்துப்போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் அம்மாவைப் பார்க்க வந்துகொண்டிருந்தேன்.

செங்கல்பட்டில் ஒரே வரலாற்றுத் துறையில் ஆசிரியைகளாக, அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனை சண்டை போட்டோம்! எல்லாம் அமெரிக்கா பிறந்த காலத்தைப் பற்றி. மத்தியில் வலுவான அரசு இல்லாவிட்டால் பதின்மூன்று மாநிலங்களும் ஆளுக்கொரு பக்கம் சிதறியிருக்கும் என்பது என் கட்சி. தூரத்தில் இருக்கும் அரசுக்கு ஏர் பிடிப்பவனின் கஷ்டம் எப்படித் தெரியும் என்பது உன் கட்சி. மலையோரக் குடியானவர்கள் சாராய வரி கட்ட மறுத்ததும் பட்டாளம் புறப்பட்ட பாடம் வந்தால், அன்று நம் இருவர் டீயும் ஆறிப்போகும்.

"வரி கட்டலன்னா துப்பாக்கிய தூக்கினு வர்றதா? இன்னாடி நாயம் இது?"

"அவங்க தேர்ந்தெடுத்த சபைதானே வரி போட்டது? ஆளாளுக்கு மாட்டேன்னா அரசாங்கம் எதுக்கு?"

பேச்சில் ஜெயிப்பது பெரும்பாலும் நான்தான். அதில் எனக்குக் கர்வம் உண்டு.

அப்புறம் அந்தச் சண்டை உன் மீனவக் குப்பத்துக்கே வந்தது. மழைக்காலத்தில் கடல் வீடுகளுக்குள் புகுந்துகொண்டிருந்தது. எல்லோரையும் ரோட்டுக்கு மேற்கே அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்போவதாக அதிகாரிகள் வந்து சொன்னார்கள். யாரையும் கேட்கவில்லை. நீ கொதித்துப்போனாய். ஊரே முடிவு செய்யட்டும் என்று அலுவலகம் அலுவலகமாக அலைந்து அவர்களைச் சம்மதிக்க வைத்தாய். அதோடும் விடவில்லை. ஊர்க் கூட்டத்தில் ஆண்கள் மட்டும் முடிவெடுப்பதுதான் வழக்கம். பெண்களும் கை தூக்க வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்களிடம் மல்லுக்கு நின்று அதையும் வாங்கினாய்.

வேடிக்கை பார்க்க நானும் வந்திருந்தேன். கரையை விட்டுப் போனால் கரை நமக்கில்லை, நாளைக்கு அங்கே ரிசார்ட்தான் நிற்கும் என்று நீ பேசினாய். ஆண்கள் தலையாட்டினார்கள். அப்போது உன் அம்மா எழுந்தாள்.

"நல்லாத்தான் பேசற. தண்ணி உள்ள வந்தா பாயைத் தூக்கினு ஓடறது யாரு? நீ செங்கல்பட்டுல வூடு எடுத்துகினு போயிட்ட. நான் மாடி வூட்டுக்கே போறேன்."

சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினாள். அவளைப் பார்த்துப் பக்கத்துப் பெண், அப்புறம் அடுத்தவள். நீ போராடி வாங்கித் தந்த கைகள் எல்லாம் உனக்கு எதிராகவே உயர்ந்தன. எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

அந்த இனிப்பு கொஞ்ச நேரம்தான். நீ முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாய். "சரி, ஊரு சொல்லிடுச்சி, போலாம். ஆனா படகு நிறுத்தற எடம் நம்மளுதுன்னு எழுதி வாங்கினுதான் போறோம்." உன்னைத் தோற்கடித்தவளே உன் கையைப் பிடித்துச் சாப்பிட இழுத்துப் போனாள். எனக்கும் சோறு போட்டார்கள், விருந்தாளிக்குப் போடுவது போல.

அடுத்த வாரம் பக்கத்து வகுப்பறையில் நீ அமெரிக்க அரசியல் சட்டம் வந்த கதையை நடத்தினாய். எதிர்த்து வாக்களித்துத் தோற்றவர்களில் பலர், இனி இது எங்கள் சட்டமும்தான் என்று சொல்லி வீடு திரும்பியதை. உரிமைகளை எழுத்தில் கொடு என்று அந்தத் தோற்ற பக்கத்துக்காரர்கள் விடாமல் கேட்டு வாங்கியதை. உன் குரல் சுவரைத் தாண்டிக் கேட்டது. என் வகுப்புப் பிள்ளைகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருஷா வருஷம் நானும் நடத்துகிற பாடம்தான். அன்று வயிறு எரிந்தது. ஜெயிப்பது எனக்குத் தெரியும். தோற்ற பிறகும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட உனக்கு மட்டும் யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இன்று உன் அம்மா இரண்டாவது மாடியில் கதவைத் திறந்தாள். "கடலு சத்தமே இல்ல கண்ணு, தூக்கம் வரமாட்டேங்குது" என்றாள்.

"அவ சொன்னதக் கேட்டிருக்கலாம்னு தோணுதாம்மா?"

"சேச்சே. இன்னொருவாட்டி கேட்டாலும் இப்படித்தான் தூக்குவேன்." சொல்லிவிட்டு அழுதாள். "எம் பொண்ணாண்டதான் முடியாதுன்னு சொல்லிட்டு, அவளாண்டயே போய் உக்காரலாம். இப்ப யாராண்ட போவேன்?"

செத்த பிறகும் உன்மேல் பொறாமை தீரவில்லை. என் வீட்டில் நான் சொல்வதுதான் முடிவு. துறைத் தலைவியான பிறகு காலேஜிலும் அப்படித்தான். நீ போன பின் என்னோடு சண்டை போடுவார் யாருமில்லை. போன வாரம் துறைக் கூட்டத்தில் நான் ஒன்று சொன்னதும் வழக்கம்போல எல்லோரும் தலையாட்டினார்கள். நான் கூட்டத்தை முடிக்கவில்லை. ஒவ்வொருவராகப் பார்த்து, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டேன். மிரண்டுபோனார்கள். என்ன வம்போ என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உனக்கு இயல்பாக வந்தது எனக்கு இத்தனை கோணலாகத்தான் வருகிறது. ஆனாலும் அடுத்த கூட்டத்திலும் கேட்பேன். என்றைக்காவது ஒருவர் என் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வார், பார்.