பிடிக்குது

26 ஏப்ரல்

காலையிலிருந்து மழை. மகன் விமலனோடு பண்டமாரான் போனேன். ரேஸ் டீம் முதலாளி திருச்செல்வத்தின் லோரிக் கொட்டகையில் பின்பாதிதான் இவர்களுடைய வொர்க்‌ஷாப். ரேஸ் கார் சக்கரமில்லாமல் தாங்கிகள்மேல் நின்றது. இன்று இருக்கைக்கு அளவெடுப்பு. பெரிய பையில் நுரையை ஊற்றி, அதன்மேல் என் மகனை உட்காரவைத்தார்கள். கெட்டியாகும்வரை அசையக்கூடாது.

“சுடுதுண்ணே!”

“அசையாதடா. முட்டை பொரியட்டும்,” என்றான் மெக்கானிக் தனேஷ்.

முதுகு அச்சாகப் பதிந்துவிட்டது. ஜூலையில் செப்பாங் பந்தயப் பாதையில் ஓட்டம். “நல்லா முடிச்சுக் காட்டு, அடுத்த வருஷமும் சீட் உனக்குத்தான் லா,” என்றார் திருச்செல்வம். விமலனுக்கு முப்பத்தாறு வயது. இதை விட்டால் வேறு யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று அவனுக்கே தெரியும்.

9 மே

“ஒரு காருக்கு ரெண்டு மாசமா என்னதான் செய்றாங்க மாமா?” என்று மருமகள் குமுதா கேட்டாள். ஒரே பிள்ளையை இடக்கையாலும் வலக்கையாலும் மாறிமாறி எழுதச் சொல்வது போல, என்றேன். பாதை இடம் திரும்பும், வலம் திரும்பும், ஏறும், இறங்கும். ஒரு வளைவுக்குப் பொருத்தமாகத் திருகினால் அடுத்த வளைவு காட்டிக்கொடுத்துவிடும். அதனால் எடையைக் குறைக்கிறார்கள், டயர்க் காற்றைக் கூட்டிக் குறைக்கிறார்கள், மழைக்கு வேறு டயர். பிரேக்தான் பெரிய வேலை. நேர்ப்பாதையின் முடிவில் எல்லாம் அதன் தலையில்.

அவள் தலையாட்டினாள். பயம் போகவில்லை.

27 மே

நாளை சோதனை ஓட்டம். தனேஷ் பின்சக்கரங்களுக்குப் புது பிரேக் கட்டைகள் மாட்டிவிட்டான். எனக்கும் ஒரு ஹெட்செட் தருகிறானாம்.

28 மே

ஆஸ்பத்திரி. எழுத முடியவில்லை.

30 மே

எழுதிவிடுகிறேன்.

கார் பாதையைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஹெட்செட்டில் விமலன் குரல் – “அண்ணே, பின்னாடி பிரேக் பிடிக்குது.”

தனேஷ், “பிடிச்சா நல்லதுதானே லா! போடா, போ!” என்றான்.

நானும் கேட்டேன். சிரிக்கக்கூடச் செய்தேன். புதுக் கட்டைகள் நன்றாகப் பிடிக்கின்றன என்றே எடுத்துக்கொண்டேன். அவன் சொன்னது வேறு. மிதியை விட்ட பிறகும் பிரேக் விடவில்லை, பிடித்துக்கொண்டே இருக்கிறது என்றிருக்கிறான். போ என்றதும் போனான். உள்ளே சூடேறி பிரேக் எண்ணெய் கொதித்துவிட்டது. நேர்ப்பாதையின் முடிவில் மிதித்தபோது காலுக்கடியில் ஒன்றுமே இல்லையாம். பாதையோரம் அடுக்கிவைத்த டயர்ச் சுவரில் போய் மோதினான்.

2 ஜூன்

சளி பிடிக்கிறது. பஸ் பிடிக்கிறோம். குமுதாவை இவனுக்குப் பிடித்தது, கட்டிவைத்தோம். சொல் ஒன்றுதான், முன்னும் பின்னும் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும் என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன்? அன்றைக்கு ஏன் பார்க்கவில்லை?

புள்ள நல்லா ஓட்டுறான்னு கேக்கணும்னு ஆசை. அதான் காதுல அப்படியே விழுந்துச்சு. வேற என்ன.

11 ஜூன்

விமலனால் வலது பாதத்தைத் தூக்க முடியவில்லை. நரம்பு. “பட்டை போட்டு நடக்கலாம் அங்கிள். ரேஸ் வேணாம்,” என்றார் டாக்டர். பிரேக் மிதிக்கிற கால் அது.

திருச்செல்வம் வார்டிலேயே கத்தினார். “பிடிக்குதுன்னா எப்படிப் பிடிக்குதுன்னு ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டியா நீ?”

தனேஷ் கதவுக்கு வெளியே நின்றான், உள்ளே வரவில்லை.

“விடுங்க பாஸ்,” என்றான் விமலன் படுக்கையிலிருந்து. “நானும் பிடிக்குதுன்னு சொல்லாம, இழுக்குதுன்னு சொல்லியிருக்கலாம்.”

தனேஷ் அப்படியே திரும்பிப் போய்விட்டான்.

5 ஜூலை

செப்பாங்கில் விமலன் இடத்தில் இம்ரான் என்ற பையன் ஓட்டினான். கார் ஓட்டத்தை முடித்தது. பிரேக் விடாவிட்டால் ரேடியோவில் இனி ‘இழுக்குது’ என்று மட்டுமே சொல்ல வேண்டுமாம். விமலன் போனில் கடைசிவரை பார்த்தான். பிறகு அதைக் கவிழ்த்து வைத்தான்.

20 ஜூலை

இந்த வீட்டில் இப்போது அந்தச் சொல் இல்லை. “குழம்பு பிடிச்சிருக்கா?” என்று கேட்டுக்கொண்டிருந்த குமுதா, “உப்பு சரியா?” என்கிறாள். யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே தனேஷ். கையில் கறுப்புக் குப்பைப் பை. உள்ளே அந்த நுரை அச்சு.

“இம்ரான் ஒல்லி, அங்கிள். அவனுக்கு வேற ஊத்திட்டோம். இதைத் தூக்கிப் போட மனசு வரல.”

விமலனே அதை வாங்கி ஹாலில் பிரம்பு நாற்காலியில் வைத்தான். கால்பட்டையைக் கழற்றினான். மெல்ல இறங்கி உட்கார்ந்து, சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டான்.

“பிடிக்குதுண்ணே,” என்றான்.

குமுதா என்னைப் பார்த்தாள். தனேஷ் உள்ளே வந்து அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

“எப்படிடா பிடிக்குது? சரியாவா, இறுக்கியா?”

“சரியாத்தான்ணே,” என்றான் விமலன், கண்ணைத் திறக்காமல்.