தேவசகாயம் சொன்ன நாற்றம்

நாள் 212. காலை 07:10
செவ்வாய்க் கிரகம், வடதுருவ நிலையம். பதிவு: மங்கையர்க்கரசி, பனி ஆய்வாளர். துளைப்பான் சீராக ஓடுகிறது. காற்று சென்சாரில் நச்சு வாயு பூஜ்யம். பிறவியிலேயே எனக்கு வாசனை தெரியாது. மூக்கு நரம்பை வளர்க்கும் சோதனை மருந்தில் கடைசி ஊசியை இன்று போட்டுக்கொண்டேன். நிலையத்தில் இப்போது நான் ஒருத்திதான். துளைப்பானை இயக்கிவந்த தேவசகாயம் அண்ணன் போன மாதம் தூக்கத்திலேயே இறந்துபோனார். மாரடைப்பு என்று பூமியில் முடிவு செய்தார்கள்.

நாள் 219. மதியம்
ரசப்பொடிப் பொட்டலத்தைப் பிரித்தேன். மூக்குக்குள் ஏதோ குத்தியது. தும்மினேன். பிறகு அழுதேன். மாலைவரை கண்ணில் பட்டதையெல்லாம் முகர்ந்து பார்த்தேன்: ரப்பர் கையுறை, தலையணை, என் வியர்வை.

நாள் 221. காலை
அண்ணனின் சட்டையை முகர்ந்து பார்க்க ஆசை. அவர் போனதிலிருந்து மூடிக்கிடந்த அறையைத் திறந்தேன். சட்டையைத் தொடும் முன்பே வேறொன்று முகத்தில் அறைந்தது. அதற்குப் பெயர் தெரியவில்லை.
கடைசி வாரம் முழுக்க அவர் இதைத்தான் சொன்னார்.
"முட்ட அழுகுன நாத்தம் அடிக்கு மக்களே, ஒனக்குத் தெரியல்லியா?"
எனக்கு எப்படித் தெரியும்? தனிமையில் மனம் குழம்பிவிட்டது என்றது பூமி. அவர்கள் சொன்ன தூக்க மாத்திரையை அவர் கையில் கொடுத்தது நான்.

நாள் 221. மதியம்
நாற்றத்தைப் பற்றி எழுதியிருந்தேன். பூமியிலிருந்து டாக்டர் பிரமிளாவின் பதில் வந்தது: "புதுசா வளர்ற நரம்பு இல்லாத வாசனையையும் காட்டும், அரசி. சென்சார் பூஜ்யம்தானே? தேவசகாயத்துக்குக் குடுத்த மாத்திரை மிச்சம் இருந்தா ஒண்ணு போட்டுட்டுப் படுங்க."
போடவில்லை.

நாள் 222. 09:20
அவர் கட்டிலை நகர்த்தினேன். சுவருக்குப் பின்னால் பனி உருக்கும் தொட்டியின் குழாய். இணைப்பில் விரிசல். பனியில் அடைபட்டிருந்த வாயு அவர் தலைமாட்டிலேயே கசிந்திருக்கிறது. சென்சாரைக் கழற்றி விரிசலில் வைத்தேன். அப்போதும் பூஜ்யம். துளைப்பானை நிறுத்தினேன். ஒட்டுநாடா சுற்றினேன். பூமிக்குச் சொல்லிவிட்டேன். பதில் வர நேரமாகும்.

நாள் 222. 09:50
நாற்றம் நின்றுவிட்டது. அவர் கட்டிலில் சற்று உட்கார்ந்தேன். தலை சுற்றுகிறது.

நாள் 222. 09:58
சோப்பை முகர்ந்தேன். ஒன்றுமில்லை. என் கையை. ஒன்றுமில்லை. இந்த வாயு மிகுந்தால் முதலில் மூக்கைத்தான் மரத்துப்போகச் செய்யும். நாடா பிரிந்து தொங்குகிறது. சீறல் கேட்கிறது. கால் எழவில்லை.
கண்டெடுப்பவருக்கு. அவர் மனம் குழம்பவில்லை. இங்கே காற்று சுத்தமாகத்தான் தோன்றும். சென்சாரும் அப்படித்தான் சொல்லும். தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டா