இரண்டு நூல் குறைந்த பலகை

நேற்று கடத்தூர் பேருந்து நிலையத்தில் ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்த்தேன். எண் பலகையில் ஒவ்வொரு எண்ணுக்கும் வால் முளைத்துச் சுருண்டிருந்தது. ஒன்று எது, ஏழு எது என்று தெரியவில்லை. வண்டிக்காரனிடம் சொன்னேன். "போலீசே கேக்கல, உங்களுக்கு என்னங்க பெரியவரே?" என்றான். அவன்மேல் வரவேண்டிய கோபம் உங்கள்மேல் வந்தது, சார். இதையெல்லாம் உற்றுப் பார்க்கப் பழக்கிவிட்டு நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்த புதிதில் பிரேக் இன்ஸ்பெக்டராக வந்தீர்கள். நான் லாரிகளுக்கு நம்பர் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆங்கில எழுத்துகளை லாரிகளைப் பார்த்தே கற்றவன். மாரண்டஹள்ளி காய்கறி லாரி ஒன்று எஃப்.சி.க்கு, சாலையில் ஓடத் தகுதிச் சான்று வாங்க, உங்களிடம் வந்தது. எண்களுக்குச் சிவப்பில் நிழல் கொடுத்திருந்தேன். முதலாளிகளுக்கு அது பிடிக்கும். வாடகை வண்டிக்கு வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து, வேறு நிறம் கூடாது என்று திருப்பி அனுப்பினீர்கள். நிழலை அழித்துக் கொடுத்தேன். மறுபடி இரும்பு ஸ்கேலை வைத்தீர்கள். எண்ணுக்கும் பலகை விளிம்புக்கும் நடுவே அரை அங்குலம் இருக்க வேண்டுமாம்.

"ரெண்டு நூல், கால் அங்குலம் குறையுது பாய். எழுத்து அழகாத்தான் இருக்குது. அழகுக்கு நான் கையெழுத்துப் போட முடியாதுங்க."

தக்காளி ஏற்ற வேண்டிய வண்டி இரண்டு நாள் நின்றது. லாரிக்காரர் அத்தனை டிரைவர்கள் நடுவில் என்னைத்தான் ஏசினார். பாயிடம் எழுதினால் எஃப்.சி. ஆகாது என்ற பேச்சு பாலக்கோடு வரை போயிற்று. ஒரு மாதம் என் கடைக்கு ஒரு லாரியும் வரவில்லை. வேறு தொழில் பாருங்கள் என்று என் மனைவியே சொல்லிவிட்டாள்.

சேலம் போய்ச் சட்டப் புத்தகம் வாங்கினேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். உங்களைப் பொய்யராக்கத்தான் படித்தேன். நீங்கள் சொன்ன அத்தனையும் அதில் இருந்தது. அந்த எரிச்சலை என்னவென்று சொல்வது?

அப்புறம்தான் உங்கள் ஜீப்பின் எண் பலகை கண்ணில் பட்டது. மறுநாள், வண்டிகள் வரிசையாக நின்ற மைதானத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி, "சார், அந்த ஸ்கேல இங்க கொஞ்சம் வைங்க" என்றேன். டிரைவர்கள் வாயில் வைத்த பீடியை இழுக்கவில்லை. நீங்கள் குனிந்து அளந்தீர்கள். எண்களின் உயரம் குறைவு. சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, டவுன் பஸ் ஏறி வீட்டுக்குப் போனீர்கள்.

எழுதினேன். மறுநாள் வந்து அளந்து, ஒரு நூல் அதிகம் என்றீர்கள்.

"குறையாம இருக்கணும்னுதான் சார் சட்டம். ஜாஸ்தி ஆவக்கூடாதுன்னு எங்கயும் போடல. பக்கத்தக் காட்டட்டுங்களா?"

புத்தகத்தை வாங்கி நின்றபடியே படித்தீர்கள். "சரிதான் பாய்" என்றீர்கள், அவ்வளவுதான். உங்கள் ஜீப்புக்கே நான் எழுதிய செய்தி பரவியதும் லாரிகள் திரும்பி வந்தன. ஆனால் மாற்றலாகிப் போகும்வரை என் பலகைகளில் ஒன்றையாவது அளக்காமல் விட்டீர்களா? என் எழுத்து என்று தூரத்திலேயே தெரிகிறது என்பீர்கள், சொல்லிக்கொண்டே அளப்பீர்கள். எனக்கு அது அன்றும் அவமானம், இன்றும் அவமானம்தான்.

போன மாதம் உங்கள் சாவுக்கு வந்தேன். உங்களை ஏற்றிய அமரர் ஊர்தியின் பின்பலகையில் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. ஓரத்தில் ரோசாப்பூ வேறு. ஓட்டுநரிடம் சொன்னேன்.

"பொணம் போற வண்டிய எவன் பிடிப்பான், பாய்?" என்றான்.

நேரமாகிறது என்று உங்கள் மகன் என் தோளைத் தொட்டு ஓரமாக நிறுத்தினார். நானும் நின்றுவிட்டேன்.

அந்த வண்டி சட்டப்படி சாலைக்கே வரக் கூடாது, சார். நீங்கள் எழுந்து பேச முடியாத அன்று, அதைச் சொல்ல அங்கே இருந்தவன் நான் ஒருவன்தான். ஒரு மாதமாக இந்த உறுத்தல் போகவில்லை. உங்களை ஏற்றிய வண்டி என்பதற்காகக்கூட அந்தப் பலகையை நான் சும்மா விட்டிருக்கக் கூடாது.