பாதிரியார் பங்களாவின் பக்கக் கதவு

பேனா டப்பாவைத் திறந்தாலே இரும்பு வாசம் வருகிறது. நீ கொடுத்த சாவி. உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

வெள்ளைக்காரப் பாதிரியாருக்காகக் கட்டி, பிறகு உன் தாத்தா வாங்கிய பங்களா அது. நாம் இருவரும் அதைப் புத்தகம் போலப் படித்தோம். சாரல் எட்டாத ஆழமான முன்வாசல், ஆளுயர ஜன்னல்கள், ஓட்டுக்கூரைக்குக் கீழே தேக்கு மச்சு. பக்கவாட்டில் ஒடுங்கிய வழியைப் பார்த்தபடி ஒரு தனிக் கதவு. துன்பத்தோடு வருகிறவர்கள் வீட்டாரின் கண்ணில் படாமல் பாதிரியாரின் படிப்பறைக்குள் நுழைவதற்காக வைத்தது. படிப்பறைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒன்றையொட்டி இன்னொன்றாக இரண்டு கதவுகள். இங்கே அழுதால் அங்கே கேட்காது. நூலகத்தில் படித்து இதை உனக்குச் சொன்னபோது கைதட்டினாய்.

என்னோடு பேசிப் பேசியே தமிழ் கற்ற மலையாளத்துக்காரி நீ. "எடீ, நீ இதிலே வா, இது மதி, போதும்" என்று அந்தக் கதவின் சாவியைத் தந்தாய். முன்வாசலில் வந்தால் என்ன என்று கேட்டேன்.

"இஸ்திரி வண்டிக்காரரோட மோள்னு தெரிஞ்சா அம்மேட முகம் மாறும். உன் அப்பாகிட்டயும் சொல்லாதே."

அந்த வெள்ளிக்கிழமையும் வந்தேன். படிப்பறையில் காத்திருந்தேன், வாசித்தேன், இருட்டியதும் வீட்டுக்குப் போனேன். இரண்டு கதவுகளுக்கு அப்பால் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. உனக்குக் காய்ச்சல் என்றுகூடத் தெரியாது. அடக்கம் முடிந்த மறுநாள், அப்பாவின் வண்டிக்குப் பக்கத்துச் சுவரில் உன் படம் போட்ட போஸ்டர். "யாரு வீட்டுப் புள்ளையோ, பாவம்" என்றார் அப்பா.

போன ஞாயிறு சாவியைத் திருப்பிக் கொடுக்க முன்வாசலுக்குப் போய் மணி அடித்தேன். உன் அம்மா வந்தார். நான் யார், அப்பா என்ன வேலை செய்கிறார், எல்லாவற்றையும் உரக்கச் சொன்னேன். முகம் மாறட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவளுக்கு ஒரு கூட்டுகாரி உண்டாயிருந்நோ?" என்றார். உனக்குத் தோழி ஒருத்தி இருந்ததே அவருக்குப் புதுச் செய்தி. பிறகு என் கையைப் பிடித்து, "கேறி வா மோளே" என்று உள்ளே அழைத்தார்.

முகம் மாறவே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரே ஒரு தடவை நீ என்னைப் பற்றி அவரிடம் சொல்லிப் பார்த்திருக்கலாமே. நான் உன் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பேன்.

அவர் தந்த சாயாவைக் குடித்தேன். சாவியைக் கொடுக்கவில்லை. உன் மேல் கோபம் தீர்ந்ததும் கொண்டுபோய்க் கொடுப்பேன். அதுவரை பேனா டப்பாவிலேயே கிடக்கட்டும்.