முன்சக்கரத்தில் முப்பது கிராம்

மார்ச் 4

அக்காவின் பைக் முன்சக்கரம் சமனாகச் சுழல ஒட்டிய எடை மறுபடியும் விழுந்துவிட்டது. மூன்றாவது தடவை. வண்டியைக் கழுவினால் பசை விட்டுப்போகிறது. எடை இல்லாவிட்டால் வேகம் எண்பதைத் தாண்டியதும் ஹேண்டில் நடுங்குகிறது. ரத்த மாதிரிகளை ஊர் ஊராக வாங்கி ஆய்வகத்தில் சேர்க்கிறவள் அவள். எண்பதைத் தாண்டாமல் அந்த வேலை நடக்காது.

மார்ச் 5

ஒட்டாமல் என்ன செய்யலாம்? கம்பிச் சக்கரமென்றால் கம்பியில் திருகும் எடை உண்டு. இது கம்பியே இல்லாத அலாய் சக்கரம். மிச்சம் ஒன்றுதான்: டயருக்குள் போடும் கண்ணாடி மணிகள். கடுகளவு. சக்கரம் சுழலச் சுழல, கனம் குறைந்த பக்கத்துக்குத் தாமே போய்ச் சேர்ந்துகொள்ளும். தன் குறையைத் தானே தேடிப் போகும் எடை. பிடித்திருக்கிறது.

அக்காவைக் கட்டிய பாவத்துக்கு என்னையும் பட்டறையில் வைத்திருக்கிற மாமாவுக்குப் பிடிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத வேலையை எப்படிச் சரிபார்ப்பாய் என்றார். எம்.ஏ. படித்தவன் டயருக்கும் தத்துவம் பேசுகிறான் என்று கிண்டல் வேறு.

மார்ச் 7

டயரைக் கழற்றவே இல்லை. வால்வு வழியாகவே முப்பது கிராம் இறக்கினேன். வால்வில் பச்சையாக ஏதோ பிசுபிசுப்பு, துடைத்தேன். தொண்ணூறில் ஓட்டிப் பார்த்தேன். ஹேண்டில் அசையவில்லை. மாமாவே “பரவால்ல மாப்ள” என்றார்.

மார்ச் 10

அக்கா காலையில் கிளம்பினாள். மலைப்பாதை. மாலைதான் திரும்புவாள்.

அதே நாள், பதினொரு மணி

ஒருவர் பஞ்சர் ஜெல் கேட்டார், டயருக்குள் ஊற்றினால் ஓட்டையைத் தானே அடைப்பது. அலமாரியிலிருந்து எடுத்தேன். பச்சை.

ஜனவரியில் அக்காவின் முன்டயருக்குள் இதை ஊற்றியவன் நான். நானேதான்.

ஈரத்தில் மணிகள் உருளாது. ஒட்டும். வண்டி நிற்கும்போது அடியில் சேர்ந்து ஒரே கட்டியாகும். கட்டி எங்கேயோ அங்கே முப்பது கிராம் கூடுதல் — சமன் செய்யப் போட்டதே சமனைக் கெடுக்கும்.

ஓட்டிப் பார்த்தேனே? அன்று சரியாகக் கலந்திருக்காது. இப்போது மூன்று நாள் ஆகிவிட்டது.

அக்காவைக் கூப்பிட்டேன். போன் அடிக்கிறது, எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்கமாட்டாள். எடுக்காததற்கு வேறு காரணம் — எழுதாதே.

பன்னிரண்டு

மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஸ்பானர் கேட்கிறார், கொடுக்கிறேன். என்னையே கேட்டுக்கொள்கிறேன்: ஏன்டா வாயத் திறக்கமாட்டேங்கிற? சொன்னால் நிஜமாகிவிடும் என்றா? அங்கே ஒவ்வொரு வளைவிலும் அது நிஜம்தானே.

பன்னிரண்டரை

சொன்னேன். திட்டவில்லை. “ஜெல்ல முன்டயர்லயா ஊத்தின?” என்று மட்டும் கேட்டார். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் போய்விட்டார்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

மார்ச் 11

நேற்று நாலரைக்கு வந்துவிட்டார்கள். அக்காவின் வண்டியை மாமா உருட்டாத குறையாக ஓட்டி வந்தார். அவர் வண்டியில் அவள். ஒரு கீறல் இல்லை. நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

மாமா அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அதை எனக்கென்று விட்டுவைத்திருந்தார்.

“கை நடுங்குதுடா” என்றாள். “அப்பாவுக்கு ஆரம்பிச்ச மாதிரியே.”

பாதி வழியில் நிறுத்தி, கல்லில் உட்கார்ந்து, கையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். பிறகு நாற்பதுக்கு மேல் போகவே இல்லையாம். எந்த டாக்டரிடம் போகலாம் என்று கேட்டாள்.

வண்டியாக இருக்கும் என்று தோன்றவில்லையா என்றேன்.

“நீ பாத்த வண்டிடா. அதுல எனக்கு என்ன சந்தேகம்?”

சொன்னேன். எல்லாவற்றையும். டயரைக் கழற்றினேன். உள்ளே பாதி உள்ளங்கை அளவுக்குப் பச்சைக் கட்டி. ஒரு விரலால் அதை அழுத்திப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி வெகுநேரம் பார்த்தாள். நடுக்கம் இல்லை.

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மார்ச் 19

புது டயர். அக்கா என்னிடம்தான் கொண்டுவந்தாள். வேலை முடியும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

இதற்கு முன் அவள் நின்றதே இல்லை.