தலைக்கட்டில் வராத வீடுகள்

சின்னமருதம்பாளையம்,
பரமத்தி வேலூர் வழி.
புதன்கிழமை, காலை.

அன்பு மகள் கயல்விழிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், கனடாவில் நீயும் மாப்பிள்ளையும் நித்யஸ்ரீயும் அதே சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இதய மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நீ பொறுமையாகப் படிப்பாய். போனில் நீ பேச ஆரம்பித்தால் எனக்குச் சரி என்பதைத் தவிர வேறு சொல் வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன், அம்மா இதைப் படமெடுத்து அனுப்புவாள். நில அளவை அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருடம் வரைபடம் வரைந்தவன், பட்டியல் போடாமல் எனக்குக் கை ஓடாது.

1. நித்யஸ்ரீ பள்ளிப் பாடத்துக்குக் கேட்டது: கிராமம், புறநகர், நகரம் மூன்றுக்கும் என்ன வித்தியாசம்.
2. இந்த மூன்றில் நம் ஊர் சந்தேகமில்லாமல் கிராமம்.
3. நம் ஊரை நகராட்சியோடு சேர்க்கக் கூடாது என்ற மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. அதைத் திரும்பப் பெறப் போவதில்லை.
4. சேலத்தில் நீ பார்த்து வைத்திருக்கும் மாடி வீட்டுக்கு நாங்கள் வரவில்லை.

மூன்றையும் நான்கையும் படித்ததும் உன் கை போனுக்குப் போகும். போக விடாதே, முழுவதும் படி.

பாடத்தாளைப் பார்த்தேன். மூன்று கட்டம் போட்டிருக்கிறார்கள். கிராமம் என்ற கட்டத்தில் ஒரு மாடு, ஒரு வேலி, தனியாக ஒரு வீடு. புறநகரில் ஒரே அச்சில் வார்த்த நான்கு வீடு, வாசலில் கார். நகரத்தில் உயரமான கட்டடங்களும் பஸ்ஸும். தாத்தா எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று எழுத வேண்டுமாம். குழந்தைக்கு இப்படிச் சொல். கிராமத்தில் வீடும் பிழைப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், காலையில் எழுந்து வெற்றிலைக் கொடிக்காலுக்கோ கோழிப் பண்ணைக்கோ நடந்தே போய்விடலாம். புறநகரில் வீடு மட்டும் இருக்கும், வேலை வேறெங்கோ இருக்கும், காலையில் எல்லோரும் ஒரே பக்கம் போய் மாலையில் திரும்புவார்கள். நகரத்துக்கு வேலை, ஆஸ்பத்திரி, கல்லூரி என்று மற்ற ஊர்க்காரர்கள் தேடி வருவார்கள். மாட்டை வைத்து மட்டும் கிராமத்தை அடையாளம் காண வேண்டாம் என்று சொல். நம் தெருவில் மாடு கட்டியிருக்கும் வீடு நான்கு, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி நிற்கும் வீடு ஆறு. இது என் கருத்துதான், அவள் டீச்சர் வேறு மாதிரி சொன்னால் அதையே எழுதட்டும்.

இரண்டாவதற்கு அதிக விளக்கம் வேண்டாம். நம் மாரியம்மன் கோயில் நோம்பித் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி எடுக்கிறோம், கல்யாணமாகித் தனி அடுப்பு வைத்த ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு. இப்படி ஒரு பட்டியல் வைத்து, யார் யார் நம்மவர் என்று பெயர் பெயராகச் சொல்ல முடிகிற ஊர் கிராமமல்லாமல் வேறென்ன.

மூன்றாவது. உன் மாமன் மகன் செங்கோடன் உனக்கு வீடியோ அனுப்பியிருக்கிறான், அதில் நடந்தது பாதிதான். மே தின கிராம சபையில் நான் எழுந்து மனுவைப் படித்தேன். எழுபத்துநான்கு வயதில் முதல் தடவையாக நாலு பேர் முன்னால் பேசினேன். நகராட்சியானால் நூறு நாள் வேலைக்குப் போகும் எண்பத்தாறு பெண்களுக்கு அந்த வேலை நின்றுவிடும் என்று சொன்னேன். இப்படி யாரும் எழுந்து கேள்வி கேட்கிற சபையும் நமக்கு இருக்காது என்று சொன்னேன். கை தட்டினார்கள். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீ பார்த்தாய். வந்திருந்த பெண் அதிகாரி, ஐயா உங்க மனுவுல மொத்தம் இருநூத்திப் பன்னெண்டு குடும்பம்னு போட்டிருக்கீங்க, வீட்டு வரி ரசீது முந்நூத்தி எழுபத்தொண்ணு இருக்குதே, மிச்ச நூத்தி அம்பத்தொம்பது வீட்ல யார் இருக்காங்க என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். நான் ஊர்க் குடும்பங்கள் என்று நோம்பிப் பட்டியலை அப்படியே பார்த்து எழுதியிருந்தேன். கரும்புக் காட்டை மனை பிரித்துக் கட்டிய வெற்றிவேல் நகரில் ஒரு வீடு கூட அதில் இல்லை. ஆனால் சென்னையிலும் பெங்களூரிலும் குடியிருந்துகொண்டு வரி மட்டும் அனுப்புகிற பத்தொன்பது குடும்பம் இருந்தது. செங்கோடன் எழுந்து, ஏனுங் மாமா, ஊர் ஊராப் போயிக் கோடு போட்டீங்க, நம்மூர்ல பாதியக் கோட்டுக்கு அந்தப் பக்கம் உட்டுப்போட்டீங்களே என்றான். சபையே சிரித்தது. அவனும் இரண்டாவது கையெழுத்துப் போட்டவன்தான், அவன் வாய் அப்படி.

அதிகாரி மனுவைத் தள்ளவில்லை, சரிசெய்து திங்கட்கிழமை விசாரணைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். நீ ஞாயிற்றுக்கிழமை போனில், ஏனுங்கப்பா உங்களுக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்பு, கையெழுத்த வாபஸ் வாங்கீட்டு அம்மாவக் கூட்டிக்கிட்டு சேலத்துக்குப் போங்க, பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருக்குது என்று சொன்னாய். நான் சரி சாமி என்றேன். அந்தச் சரியை இப்போது வாபஸ் வாங்குகிறேன், கையெழுத்தை அல்ல. வேலையில் இருந்த காலத்தில் மேலே இருந்து சொன்ன இடத்தில் எல்லைக் கோடு போட்டேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவன் யார், அந்தப் பக்கம் போகிறவன் யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை, கேட்க எனக்குத் தைரியமில்லை. இப்போது என் ஊர் மேலேயே கோடு வருகிறது. இப்போதும் வாயை மூடிக்கொண்டிரு என்று நீ சொன்னால், மன்னித்துக்கொள் அம்மிணி, கேட்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை.

மேலே உள்ளது புதன்கிழமை எழுதியது. இரண்டு நாளும் நானும் அம்மாவும் வெற்றிவேல் நகரில் வீடு வீடாகப் போனோம். வெயிலில் போகவில்லை, காலை ஒன்பதுக்குள்ளும் மாலை ஐந்துக்கு மேலும்தான், கவலைப்படாதே. முதல் வீட்டுக் கதவைத் தட்டக் கை வரவில்லை, அம்மாதான் தட்டினாள். அது அனிதா என்ற நர்ஸ் வீடு. ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், நாமக்கல்லில் வேலை. நாங்கள் உட்காருவதற்கு முன்பே, சார், ஏழு வருஷமா இங்க இருக்கோம், நோம்பிக்கு மைக் செட்டு சத்தம் வருது, வரி கேட்டு ஒரு ஆள் வந்ததில்லை, இப்ப கையெழுத்து வேணும்னதும் வீடு தெரிஞ்சிருச்சா என்று கேட்டாள். அம்மா, கேட்கறது நாயந்தானுங்க, இந்த வருசம் நானே வந்து வாங்கிக்கறேன் என்றாள். நான் மனுவை நீட்டினேன். முழுவதும் படித்தாள். இரண்டாவது வரியில் விரலை வைத்து, எங்கள் கிராமம் முழுவதும் விவசாயத்தை நம்பியதுன்னு எழுதியிருக்கீங்க, நான் ஊசி போடறேன் சார், அப்ப நான் எந்த ஊரு என்றாள். அதே வீட்டிலிருந்து அவள் மாமியார் மண்வெட்டியோடு நூறு நாள் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அந்த எண்பத்தாறு பேரில் அவரும் ஒருவர் என்று எனக்குத் தெரியாது.

எல்லா வீட்டிலும் இப்படி நல்ல பதில் கிடைத்ததாக நினைக்காதே. கந்தவேல் என்பவர் வாசலில் தேங்கி நிற்கும் சாக்கடையைக் காட்டி, நகராட்சி வந்தாலாவது இது போகுமுங்க, நான் எதுக்கு வேண்டாம்னு எழுதோணும் என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். அறுபத்தொரு வீட்டில் கையெழுத்துப் போட்டார்கள், ஐம்பத்தைந்து வீட்டில் மறுத்தார்கள், நாற்பத்துமூன்று வீடு பூட்டியிருந்தது. நேற்று இரவு அனிதாவும் செங்கோடனும் நம் வீட்டில் உட்கார்ந்து மனுவைத் திரும்ப எழுத உதவினார்கள். அந்த இரண்டாவது வரியை எடுத்துவிட்டேன். இந்த ஊரில் கொடிக்காலுக்குப் போகிறவர்கள் உண்டு, நாமக்கல்லுக்கு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு, ரிக் வண்டியோடு வடக்கே போய் எட்டு மாதம் கழித்து வருகிறவர்கள் உண்டு, இத்தனை பேரையும் கேட்காமல் ஊரை எதிலும் சேர்க்க வேண்டாம் என்று எழுதினோம். மறுத்த ஐம்பத்தைந்து வீட்டின் பெயரையும், சாக்கடை வசதி வேண்டும் என்ற அவர்கள் காரணத்தையும், அவரவர் சம்மதத்தோடு தனித் தாளில் இணைத்திருக்கிறேன். செங்கோடன் தலையில் கை வைத்துக்கொண்டு, எதிராளி கையெழுத்தயும் நாமளே வாங்கிக் குடுக்கற மனு இது ஒண்ணுதானுங் மாமா என்றான். இருக்கட்டும். இந்தத் தடவை நான் யாரையும் விட்டுவிட்டு எழுதப் போவதில்லை. மனு தோற்றுப் போகலாம், தோற்கும் என்றுதான் எனக்கும் பயம். தோற்றாலும் முதல் பெயர் என்னுடையதாகவே இருக்கும்.

நான்காவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சேலத்து வீட்டை வேறு யாருக்காவது விடச் சொல்லிவிடு. ஆஸ்பத்திரிக்கு அவசரமென்றால் கூப்பிட அனிதா தன் நம்பரை அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், நித்யஸ்ரீ நன்றாகப் படித்து, எனக்கில்லாத தைரியத்தோடு வளர வேண்டும், அம்மாவும் இதையேதான் சொல்கிறாள். திங்கட்கிழமை உங்கள் நேரம் காலையில் கூப்பிடு, அதற்குள் விசாரணை முடிந்திருக்கும். அதற்கு முன்னால் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன். நித்யஸ்ரீ பாடத்தாளைப் பள்ளியில் கொடுக்கும் முன் ஒன்று பார்த்துக்கொள். இந்தக் கடிதத்தில் எண் இரண்டாக, நம் ஊர் சந்தேகமில்லாமல் கிராமம் என்று எழுதியிருக்கிறேன். அடித்துத் திருத்தலாம் என்று பேனாவை எடுத்தேன், பிறகு அப்படியே விட்டுவிட்டேன். அந்த வரி தவறு. அவளுடைய மூன்று கட்டத்தில் தாத்தா எதில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்றே எழுதச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
அ. கந்தப்பன்